சோழகம் ஊதிய உலை

தென்மேற்குக் காற்றான சோழகம் எழும்பிவிட்டால், மன்னார்க் கரையில் எங்கள் கொண்டச்சியில் கதவைச் சாத்தினாலும் மணல் உள்ளே வரும். வைகாசியில் பிடித்தால் புரட்டாதி மட்டும் விடாது. முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் இந்தக் கரையின் பஞ்சாங்கமே இந்தக் காற்றுத்தான். வாடை ஓய்ந்து சோழகம் தொடங்குவதற்கு இடையில் கடல் அடங்கிக் கிடக்கும் சில கிழமைகளுக்குள் குளிப்பு முடிய வேண்டும். பிறகு கொட்டில்களைப் பிரித்துக்கொண்டு சனம் போய்விடும். இப்போது மன்னார்த் தீவில் அதே காற்று தம்பபவனியின் 30 காற்றாலைகளைச் சுழற்றுகிறது. 2020 டிசம்பரில் திறந்தார்கள், 103.5 மெகாவாட்.

இதெல்லாம் எங்கள் பக்கத்துச் சிறுவருக்கும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எனக்குக் கை பரபரக்கிறது. இந்தச் சோழகம் ஒரு காலத்தில் உருக்கு வடித்தது! துருத்தி கிடையாது, துருத்தி ஊத ஆளும் கிடையாது. குன்றின் விளிம்பில் மண்ணால் ஓர் உலை, அதன் முகம் மேற்கே. காற்று வந்தது, கரி கனன்றது, கல்லுக்குள் இருந்த இரும்பு இறங்கியது. அந்த உலையின் தூரத்து உறவு ஒன்று இன்றைக்கும் ஜப்பானில் எரிகிறது என்று நம்பக் காரணம் உண்டு. அங்கே ஒரு கொல்லர் அடிக்கும் குறுவாளுக்கு இரும்பு கொடுப்பது அதுதான்.

நான் இதற்குள் போனது ஒரு கத்தியின் வழியாக. கண்டி அரச காலத்துக் கத்தி. சிங்களத்தில் பிஹா கெத்த என்பார்கள். கொழும்பு அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் நியூயோர்க்கிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. பெரும்பாலும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம். முதுகு தடித்து நேராகப் போகும். வாய்ப்பக்கம் வளைந்து இறங்கும். பிடியிலிருந்து அலகின் பாதிவரை வெள்ளியோ பித்தளையோ பதித்து, அதில் கொடி ஓடவிட்டிருப்பார்கள். பிடி தந்தத்தில், கொம்பில், சிலவேளை முழுக்க வெள்ளியில். உறையைப் பாருங்கள்: மரத்தைக் குடைந்து கத்திக்கு ஒரு வழி, சிலவற்றில் பக்கத்திலேயே இன்னொரு சின்ன வழி. அதற்குள் எழுத்தாணி! ஓலையை நறுக்கவும் ஓலையில் எழுதவும் ஒரே உறையில் இரண்டு கருவி. நம்முடைய மடக்கெழுத்தாணியிலும் ஒரு முனை கத்தி, மறுமுனை ஆணி அல்லவா? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

இப்படி ஒரு கத்தியை ஒரு கை செய்யவில்லை. அரண்மனையோடு சேர்ந்த நான்கு பட்டறைகள் இருந்தன. ராசகாரியம் என்ற அரச ஊழியத்துக்கு ஈடாகக் காணி பெற்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை செய்தன. அலகை அடிப்பவர் வேறு, வெள்ளி வேலைக்காரர் வேறு, தந்தம் செதுக்குபவர் வேறு. பெரும்பாலான கத்திகளில் யாருடைய பெயரும் இல்லை. கொடியை வெட்டிய உளி எந்த இடத்தில் தயங்கியது என்றுகூடத் தெரிகிறது, உளியைப் பிடித்தவர் யார் என்று தெரிவதில்லை.

இந்தக் கைகளைத் தேடி ஊர் ஊராகப் போன ஒருவர் இருந்தார். அவர் நம்மவர் என்பதில் எனக்குப் பெருமை. ஆனந்த குமாரசுவாமி. சர் முத்துக் குமாரசுவாமியின் மகன். 1877இல் கொழும்பில் பிறந்தவர். அதே ஆண்டில்தான் கொழும்பு அருங்காட்சியகமும் திறந்தது. படித்தது மண்ணியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள அளவைக்குத் தலைவர். தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டெடுத்தவரும் அவரே. கல்லைத் தட்டிப் பார்க்க மலைநாட்டுக் கிராமங்களுக்குப் போனவர் அங்கே கொல்லர்களையும் தட்டார்களையும் கண்டு நின்றுவிட்டார். பலாங்கொடைப் பக்கத்து ஹத்தரபாகேயில் இரும்பு உருக்குவதைப் பார்த்தார்; அலுத்நுவரவில் மூசை என்ற மண்கலத்தில் உருக்குச் செய்யும் முறையைச் செய்துகாட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார். அந்த வேலை தெரிந்தவர்கள் அருகிக்கொண்டிருந்த நேரம் அது. இன்னும் சில ஆண்டு தாமதித்திருந்தால் நமக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது.

அவர் எழுதிய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூல் பிறந்த கதையும் ஒரு பட்டறைக் கதைதான். மனைவி எதெல் எடுத்த புகைப்படங்களுடன், இங்கிலாந்தில் பிரோட் காம்டன் என்ற ஊரில், ஆங்கிலக் கைவினைஞர் வில்லியம் மொறிஸ் முன்பு பயன்படுத்திய கை அச்சு எந்திரத்தில் அச்சிட்டார்கள். 1907 செப்டெம்பரில் தொடங்கி 1908 டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 425 பிரதிகள். கைவேலையைப் பற்றிய நூலையும் கையாலேயே அச்சிடும் பிடிவாதம்!

ஹத்தரபாகேயில் அவர் கண்ட துருத்தி என்னைச் சிரிக்கவைத்தது, சந்தோஷச் சிரிப்பு. இரண்டு மரக் குடுவைகள், மேலே தோல் கட்டியது. ஓர் ஆள் இரண்டு காலையும் இரண்டிலும் வைத்து மாறிமாறி மிதிக்கிறார். மிதித்த தோலை மேலே இழுப்பதற்கு வளைந்து நிமிரும் கம்பும் கயிறும். பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குத் தடி. பார்ப்பவருக்கு ஆள் நின்ற இடத்தில் ஆடுவதுபோலத்தான் இருந்திருக்கும். அதற்கு முன்னரே இதைக் கவனித்தவர் ஒருவர் உண்டு: இலங்கையில் இராணுவ மருத்துவராக இருந்த ஜோன் டேவி, 1821இல் வெளியான தன் நூலில் சிங்கள இரும்புலையை விவரித்திருக்கிறார். அவருடைய அண்ணன் ஹம்ப்ரி டேவி, லண்டனில் புகழ்பெற்ற இரசாயன அறிஞர். அந்த அண்ணனின் ஆய்வுகூடத்தில் வளர்ந்த மைக்கேல் பரடே அதே நாட்களில் இந்திய உருக்கை உடைத்து, இதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார். தம்பி உலைக்குப் பக்கத்தில், அண்ணனின் சீடர் உருக்குத் துண்டுக்குப் பக்கத்தில்.

பரடே தேடிய விடை எங்கள் பற்றைக்குள் நின்றது என்றால் நம்புவீர்களா? ஆவாரை. மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்குமே, அதே ஆவாரை. இலங்கையில் உருக்குச் செய்தவர்கள் நீண்ட குழாய் வடிவில் மண் மூசை செய்தார்கள். உள்ளே இரும்புத் துண்டு, கூடவே ஆவாரங் கட்டைச் சீவல். வாயை மண்ணால் அடைத்துக் கரிக்குள் புதைத்து ஊதினார்கள். சேலம் பக்கத்திலும் இதே ஆவாரைதான்; அங்கே மேலே மூட எருக்கிலையும் போட்டதாக, பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா ஹீத் எழுதிவைத்திருக்கிறார். நடந்தது இதுதான். கட்டை கரியாகிறது. கரியின் கார்பன் இரும்புக்குள் ஏறுகிறது. சுத்த இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வேண்டும். கார்பன் ஏற ஏற அந்தப் பாகை இறங்கிக்கொண்டே வரும். கடைசியில் மண் உலையின் சூட்டிலேயே மூசைக்குள் இரும்பு தண்ணீராகிவிடுகிறது. ஆறியதும் மூசையை உடைத்தால் உருக்குக் கட்டி. ஒரு செடியின் கட்டையால் இரும்பின் குணத்தை மாற்றலாம் என்று முதலில் கண்டவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது.

சோழகத்துக்கு வருவோம்.

1980களின் கடைசி. வளவை கங்கைப் பக்கம் சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்படுகிறது. தண்ணீருக்குள் போகப்போகும் நிலத்தைத் தொல்லியலாளர்கள் அவசரமாகத் தேடுகிறார்கள். கில் ஜூலெஃப் என்ற பெண் ஆய்வாளருக்கு அங்கே இரும்புக் கழிவுக் குவியல்கள் அகப்படுகின்றன. ஒன்றிரண்டு அல்ல, எங்கே பார்த்தாலும். எல்லாம் வசதியான பள்ளத்தில் இல்லை. தண்ணீரும் நிழலும் இல்லாத குன்று விளிம்புகளில், மேற்குப் பார்த்து. காற்று முகத்தில் அறையும் இடத்தில் போய் யாராவது உலை வைப்பார்களா? அந்தக் காற்றுக்காகவே வைத்திருந்தார்கள். காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை.

இயற்கைக் காற்றை நம்பி நல்ல இரும்பு எடுக்க முடியாது, அது ஒருநேரம் வீசும் ஒருநேரம் ஓயும் என்பதுதான் அதுவரை அறிஞர்களின் எண்ணம். ஜூலெஃப் வாதாடவில்லை; உலையைக் கட்டிப் பார்த்தார். 1994இல், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நாட்களில், பழைய அச்சிலேயே உலை எழுந்தது. பின்சுவர் நிலையானது. முன்சுவர் ஒவ்வொரு முறை உருக்கும்போதும் புதிதாகக் கட்டுவது, முடிந்ததும் உடைத்து உலோகத்தை எடுப்பது. முன்சுவரின் அடியில் வரிசையாக மண் குழாய்கள். சூட்சுமம் குழாயில் மட்டும் இல்லை. குன்றில் ஏறி வரும் காற்று முன்சுவரின் உச்சியைத் தாண்டும்போது வேகம் பிடிக்கிறது. அந்த இடத்தில் அமுக்கம் குறைகிறது. உலை தானே கீழே குழாய்கள் வழியாக மூச்சை இழுத்துக்கொள்கிறது. காற்று சற்றுத் தளர்ந்தாலும் இழுப்பு நிற்பதில்லை. உடைத்து எடுத்தபோது வெறும் மெல்லிரும்பு இல்லை, கார்பன் ஏறிய உருக்கு! 1996இல் ‘நேச்சர்’ இதழ் அந்தக் கட்டுரையை வெளியிட்டது. 9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதும்போது சரந்தீபத்து, அதாவது இலங்கையின், உருக்கைத் தனியாகப் பெயர் சொன்னது ஏன் என்பதற்கும் அன்றைக்குத்தான் ஒரு விளக்கம் கிடைத்தது.

அந்த நூற்றாண்டுகள் மாந்தையின் உச்சக் காலமும்கூட. அருவியாறு அனுராதபுரத்திலிருந்து இந்தக் கரைக்குத்தான் இறங்குகிறது. அரபுக் கப்பலும் சீனப் பீங்கானும் வந்துசேர்ந்த துறை திருக்கேதீச்சரத்தின் அருகே இருந்தது. சமனலவெவவுக்குத் தென்கரைதான் கிட்ட என்பது உண்மை. ஆனாலும் ஒரு கட்டு உருக்காவது மாந்தைத் துறையில் கைமாறியிருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி ஜப்பான். ஜூலெஃப் அங்கேயும் போனார். 2009இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை சமனலவெவ உலையையும் ஜப்பானின் ததரா உலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. இரண்டும் வட்ட உலை இல்லை, நீள உலை. இரண்டிலும் நீளப் பக்கத்தில் வரிசையாகக் காற்றுக் குழாய்கள். இரண்டிலும் மண்சுவரை உடைத்தே உலோகத்தை எடுக்க வேண்டும். தெற்காசியாவில் முளைத்த ஒரு வேர் தென்கிழக்காசியா வழியாக ஜப்பான்வரை ஓடியிருக்கலாம் என்பது அவருடைய கருத்து. இது முடிந்த முடிபு அல்ல, ஓர் ஆய்வாளரின் முன்மொழிவு. ஆனால் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் அந்தத் ததரா இன்னும் எரிகிறது. ஷிமானே மாகாணத்து ஒகுஇசுமோவில், மாரிகாலத்தில், மூன்று இரவும் மூன்று பகலும். 10 தொன் இரும்பு மணலும் 12 தொன் கரியும் விழுங்கி, சுமார் இரண்டரைத் தொன் எடையுள்ள ஒரே பாளம் தரும். அதை உடைத்துப் பொறுக்கினால் வாளுக்கு ஆகும் உருக்கு ஒரு தொன்னுக்கும் குறைவு. உலையின் தலைவரை முராகே என்கிறார்கள். தீயின் நிறத்தையும் உலையின் ஓசையையும் வைத்து எப்போது மணல், எப்போது கரி என்று சொல்பவர் அவர்.

அங்கும் இந்த வேலை ஒருமுறை செத்துப்போனது. 1945இல் போர் முடிந்ததும் உலை அணைந்தது. வாள் அடிப்பதும் தடைப்பட்டது. 1953இல் கலைப்பொருள் என்ற முறையில் வாள் செய்ய அனுமதி வந்தது. 1955இல் தக்காஹாஷி சதட்ஸுகு, 1963இல் மியாஇரி யுகிஹிரா என்று கொல்லர்களை நாட்டின் உயிருள்ள செல்வங்களாக அரசே அறிவித்தது. கொல்லர் இருந்தார், பழைய உருக்கு இல்லை. ஆகவே 1977இல், வாள் பாதுகாப்புச் சங்கம் பழைய உலைக்களத்தில் வேலை தெரிந்த முதியவர்களைத் திரும்பக் கூப்பிட்டு உலையை மூட்டியது. 32 வருட இடைவெளி! கையின் நினைவு அவ்வளவு காலம் தாங்கியிருக்கிறது.

அந்த உருக்கிலிருந்து ஒரு தந்தோ, அதாவது குறுவாள், பிறப்பதைக் கேளுங்கள். நீளம் 30 சென்ரிமீற்றருக்குள். நம் கண்டிக் கத்தியின் அளவுதான். கொல்லர் உருக்கைத் தகடாகத் தட்டி, தண்ணீரில் போட்டு, சின்னச் சின்னத் துண்டாக உடைக்கிறார். உடைந்த முகத்தைப் பார்த்தே எதில் கார்பன் எவ்வளவு என்று பிரிக்கிறார். துண்டுகளை அடுக்கி, ஈரத்தாள் சுற்றி, வைக்கோல் சாம்பலும் களிமண் கரைசலும் பூசி உலைக்குள் வைக்கிறார். வெளியே எடுத்து அடி, பாதியில் வெட்டி மடிப்பு, மறுபடி அடி. இப்படிப் பத்துக்கு மேற்பட்ட மடிப்பு. அலகு உருவான பிறகு முதுகுக்குத் தடிப்பாகவும் வாய்க்கு மெல்லிதாகவும் களிமண் பூசுகிறார். பட்டறையை இருட்டாக்கிவிட்டு, அலகின் நிறம் சரியாக வரும் அந்தக் கணத்தில் தண்ணீருக்குள் இறக்குகிறார். மண் மெல்லிதாக இருந்த வாய் சட்டெனக் குளிர்ந்து கடினமாகிறது. மண் தடித்த முதுகு மெல்லக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும் தன்மையோடு நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் வாளில் அலை அலையாகத் தெரியும் வெள்ளைக் கோடு.

இதைப் படித்த கையோடு மன்னாரில் ஒரு கம்மாலைக்குள் போய் நின்றேன். கொல்லர் ஒருவர் லொறி ஸ்பிரிங் தகட்டில் காட்டுக்கத்தி அடித்துக்கொண்டிருந்தார். கத்தி சிவந்து வந்ததும் குறட்டால் பிடித்து, வாயை மட்டும் தண்ணீரில் தொட்டு, முன்னும் பின்னும் இழுத்தார். முதுகு சிவப்பாகவே இருந்தது.

“ஏன் அண்ணை, முழுக்க முக்கேல்லை?”

“முழுக்கத் தோய்ச்சா ஒரு கொத்துக்கே முறிஞ்சிடும் தம்பி. வாய்க்கு மட்டும் தண்ணி காட்டோணும். முதுகு பொறுமையா ஆறட்டும்.”

பேசிக்கொண்டே வாயை அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துப் பளபளப்பாக்கி, முதுகில் மிச்சமிருந்த சூடு கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பளபளப்பின்மேல் வைக்கோல் நிறம் ஊர்ந்து வந்தது. அது மயில் கழுத்து நிறமாக மாறத் தொடங்கிய நொடியில் முழுக் கத்தியும் தொட்டிக்குள். சர்ரென்று ஒரு சத்தம், ஆவி, முடிந்தது. களிமண் பூச்சு இல்லை, இருட்டறை இல்லை. ஆனால் வாய் வேறு முதுகு வேறு என்ற அந்த அறிவு அப்படியே இருந்தது. நான் கைதட்டிவிட்டேன். அவர் அடுத்த தகட்டை உலைக்குள் வைத்துவிட்டார்.

ஜப்பானில் ஐந்து வருடம் குருவோடு இருந்து, தேர்வில் தேறி, அரச அனுமதி பெற்றால்தான் வாள் அடிக்கலாம். மாதத்துக்கு நெடுவாள் என்றால் 2, குறுவாள் என்றால் 3. அதற்கு மேல் அனுமதி இல்லை. அவசரத்தில் வேலை கெடக்கூடாது என்று போட்ட கட்டு. பிடிக்குள் மறைந்துபோகும் காம்பில் கொல்லர் தன் பெயரை உளியால் வெட்டுகிறார். பிடியைக் கழற்றினால்தான் பெயர் தெரியும். தெரிந்தவர்கள் கழற்றிப் பார்க்கிறார்கள்.

எனக்கு வேண்டியது பெரிதில்லை. உலையை மீண்டும் கட்டலாம் என்று 1994இலேயே செய்துகாட்டியாகிவிட்டது; அளவும் வடிவமும் அச்சில் இருக்கின்றன. மூசை வேலையைக் குமாரசுவாமி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாய்க்குத் தண்ணி காட்டத் தெரிந்த கை எங்கள் கம்மாலையில் இன்னும் இருக்கிறது. ஒகுஇசுமோவில் ஆண்டுதோறும் மாரியில் மூட்டுகிறார்களே, அதுபோல இங்கே ஆண்டுதோறும் ஆடியில், மேற்குப் பார்த்த ஒரு குன்றில், பள்ளிப் பிள்ளைகளும் கொல்லர்களும் தொல்லியல் மாணவர்களும் கூடி நிற்க ஓர் உலை மூட்டட்டும். வடிகிற உருக்கில் முதல் ஒரு சாண் கத்தி அடிக்கட்டும். அடித்தவரின் பெயரைத் தமிழிலோ சிங்களத்திலோ காம்பில் வெட்டட்டும். பல்கலைக்கழகமோ அருங்காட்சியகமோ யார் முன்வந்தாலும் சரி, மூசைக்கு வேண்டிய ஆவாரங் கட்டையைக் கொண்டச்சியிலிருந்து நானே வெட்டிக் கட்டி அனுப்புகிறேன்.